இரண்டு அங்குல மரியாதை

அந்தத் தையல்கடைக்கு ஒரு சட்டம் உண்டு. சுவரில் எழுதி ஒட்டாத சட்டம். அளக்கிறவர் வாயால் சொல்லும்போது இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதுகிறவர் இரண்டு அங்குலம் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்கள் வந்தால் மாஸ்டர் அளப்பார், அவர் மனைவி எழுதுவாள். பெண்கள் வந்தால் அவள் அளப்பாள், அவர் எழுதுவார். "இடுப்பு முப்பத்தாறு" என்று மாஸ்டர் கடை அதிரச் சொன்னால் நோட்டில் முப்பத்தெட்டு ஏறும். வந்தவர் முப்பத்தாறைக் காதில் வாங்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரு வாரம் கழித்து முப்பத்தெட்டுக்குத் தைத்த பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கை பட்டா மட்டும் எப்படி மாஸ்டர் இவ்வளவு கச்சிதமா உக்காருது?" என்று கேட்பார்.

"நம்மகிட்ட வர்றவங்க துணி தைக்க வர்றாங்க, மனசைக் கிழிச்சுக்க வரல" என்பது மாஸ்டரின் கொள்கை. அதே தெருவில் இன்னொருவர் கடை போட்டார். கெட்டிக்காரத் தையல்காரர்தான், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்கிற வியாதி அவருக்கு இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையிடம் "நாற்பத்தாறும்மா" என்று சொன்னதோடு சரி. மூன்றாம் மாதம் பூட்டிவிட்டுப் போனார். உண்மை பேசுகிறவருக்கு ஊரில் கடை கிடைக்கும், வாடிக்கை கிடைக்காது.

மாஸ்டரின் மனைவியைத் தெருவில் ஊசியக்கா என்பார்கள். அவ்வளவு ஒல்லி. கண்ணுக்குக் கீழே எப்போதும் கருவளையம் வேறு. மாஸ்டருக்கு நூல்கண்டு என்று பெயர், அதை மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவ்வளவு அகல முதுகுக்குப் பின்னால் நின்று எதைச் சொன்னாலும் முன்பக்கம் கேட்காது என்ற தைரியம்தான்.

நூல்கண்டுக்கு ஒரு பெருமை இருந்தது. கல்யாணமான புதிதில் தைத்த சாம்பல் நிறப் பேண்ட் பதினெட்டு வருடமாக அவருக்குச் சேருகிறது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இடுப்புப் பட்டிக்குள் விரலை நுழைத்துக் காட்டுவார். "உடம்பு கொஞ்சம் பூசின மாதிரி தெரியுது, அவ்வளவுதான். அளவு மாறல. இதோ பாருங்க, அதே பேண்ட்!"

அதே பேண்ட்தான். முதல் மூன்று வருடம் உள்ளே மடித்து விட்டிருந்த துணியை ஊசியக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விட்டாள். அவர் டீ குடிக்கப் போகிற பத்து நிமிடம் அதற்குப் போதும். மடித்த துணி தீர்ந்தபோது இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டாள். ஒட்டுக்கும் அடங்காமல் வயிறு போனபோது அதே சாம்பல் துணியில் புதிதாகவே வெட்டித் தைத்து, பழைய பொத்தானை மட்டும் கழற்றி வைத்துத் தைத்தாள். கல்லில் நாலு தேய் தேய்த்துப் பழசாக்கிக் கொடியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இப்போது அவர் இடுப்பில் இருப்பது அவள் தைத்த ஆறாவது பேண்ட். கல்யாணத்தைப் பார்த்தது அந்தப் பொத்தான் ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பேண்டில் மறைக்கலாம் என்று இவள் காட்டிவிட்டாள்.

தையல்காரர் கண்ணிலேயே மண்ணைத் தூவ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நம்ப ஆசைப்படுகிறவரை நம்பவைக்க நிறைய நூல் வேண்டாம் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு மேல் அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு.

மாஸ்டருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும். குறட்டை இருக்கும்வரை அவளுக்கு நிம்மதி. குறட்டை நின்றால் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு எண்ண ஆரம்பிப்பாள். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. அநேகமாக இருபத்தைந்துக்குள், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல் ஒரு திணறலோடு மூச்சு திரும்பும். முப்பதைத் தாண்டினால் காலால் ஓர் உதை விடுவாள். காலையில் அவர், "ராத்திரி யாரோ என்னை உதைச்ச மாதிரி இருந்துச்சு" என்பார். "கனவா இருக்கும்" என்பாள். "குறட்டை விட்டேனா?" என்பார். "லேசா" என்பாள். நான்கு வருடமாக இதேதான். கடையின் சட்டம் வாசற்படி தாண்டி வீட்டுக்குள் வந்து படுக்கையிலும் ஏறிவிட்டது. அவள் பயந்தாள். ஒரு நாள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடுமோ என்று. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? குறைத்துச் சொல்லித்தான் பழக்கம்.

ராத்திரி ஒழுங்காகத் தூங்காதவர் பகலில் தூங்கித்தானே ஆக வேண்டும்? மாஸ்டர் டீக்கடை பெஞ்சில் தூங்கினார், கத்தரியைக் கையில் பிடித்தபடி தூங்கினார். ஒரு நாள் மத்தியானம் மிஷினில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவர் தலை சாய்ந்துவிட்டார். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. முப்பது வருட அனுபவத்தில் அவர் விரலில் ஏறிய முதல் ஊசி.

தெருமுனை டாக்டர் விரலுக்குக் கட்டுப் போட்டார். போட்டவர் சும்மா இருக்கவில்லை, சர்க்கரை பார்த்தார், பிரஷர் பார்த்தார், இரண்டையும் பார்த்து முகத்தைச் சுளித்தார். எடை மெஷினில் ஏறச் சொன்னார். அந்த மெஷின் நூற்றிருபது வரைதான் படித்திருந்தது. மாஸ்டர் ஏறியதும் எண்ணுக்குப் பதிலாகக் கோடு கோடாகக் காட்டியது.

"எதிர்ல பார்சல் ஆபீஸ் இருக்கு. அங்க நின்னு எடை பார்த்து ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் டாக்டர், ஏதோ பேனா கடன் வாங்கி வரச் சொல்கிறவர்போல.

பார்சல் ஆபீஸ் குமாஸ்தா குனிந்த தலை நிமிராமல் எண்ணை எழுதிக்கொண்டே, "உடையிற பொருளா?" என்று கேட்டார்.

"இப்பதான் உடைஞ்சுது" என்றார் மாஸ்டர்.

சீட்டில் நூற்றி முப்பத்துநாலு என்று இருந்தது. "நூத்தி முப்பத்திரண்டு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே சீட்டை நீட்டினார். பழக்கம் விடுமா?

டாக்டர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்கு நாற்பத்தேழு வயசு. சர்க்கரை ஏறியாச்சு. பிரஷர் அதுக்கு மேல. முட்டி தேய்ஞ்சிருக்கு. ஈரல்ல கொழுப்பு இருக்கும். இதயம் ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் சம்பளத்துக்குப் பார்த்துட்டிருக்கு, எத்தனை நாள் பார்க்கும்? பெரிய ஆஸ்பத்திரியில எடை குறைக்கிற ஆபரேஷன் செய்யறாங்க. செஞ்சுக்கோங்கன்னு சொல்லல. போய் என்னன்னு கேளுங்க."

நடந்து பார்க்காதவரா மாஸ்டர்? நடந்தார், முட்டி வீங்கியது. பட்டினி கிடந்தார், ஏழு கிலோ குறைந்தது, பிறகு ஒன்பது கிலோவாகத் திரும்பி வந்தது. ஒரு மாதம் வெறும் பழம், ஒரு மாதம் வெறும் முட்டை. எதைச் சாப்பிட்டாலும், எதைச் சாப்பிடாவிட்டாலும் ஊசியக்காவுக்குப் பேண்ட் வேலை மட்டும் குறையவில்லை. அதனால் இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அறுவை டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. படம் வரைந்து காட்டினார். "இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துடுவோம். மீதி இருக்கறது சட்டைக் கை மாதிரி ஒடுக்கமா ஒரு குழாயா இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடும், பசியும் குறையும்."

சட்டைக் கை என்றதும் மாஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "முழுக்கையா, அரைக்கையா? வெட்டின ஓரத்தை எதுல தைப்பீங்க? ஒத்தத் தையலா, ரெட்டைத் தையலா?"

"தைக்கிறதில்லைங்க. ஸ்டேப்ளர் மாதிரி ஒரு கருவி இருக்கு. வெட்டும்போதே பின் அடிச்சு மூடிடும்."

மாஸ்டர் ஊசியக்காவைத் திரும்பிப் பார்த்தார். பேப்பரைச் சேர்த்துப் பின் அடிக்கிறவர்களிடமா உடம்பைக் கொடுக்கப்போகிறோம் என்று அந்தப் பார்வை கேட்டது. "பின்னு விட்டுப்போச்சுன்னா?"

"அபூர்வமா கசிவு வரும். வந்தா பெரிய சிக்கல்தான், மறைக்கல. அதுக்குத்தான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்போம். அப்புறம், இது மந்திரம் இல்ல. ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும், கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும், செக்கப்புக்கு வரணும். நாள் முழுக்க சர்க்கரைத் தண்ணியா உறிஞ்சிட்டிருந்தா எடை திரும்பி வந்துடும்."

"பிடிக்கலைன்னா பிரிச்சு விட முடியுமா?"

"முடியாது. வெட்டினது வெட்டினதுதான்."

அந்த ஒரு வாக்கியம் மாஸ்டருக்கு நன்றாகப் புரிந்தது. முப்பது வருடமாகத் துணி மேல் கத்தரியை வைப்பதற்கு முன் அவர் தனக்குச் சொல்லிக்கொள்வதும் அதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார். மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் போன் செய்து இருபத்துமூன்றாம் தேதிக்கு நாள் குறித்துவிட்டார்.

அவர் யோசித்தது மூன்று நாள். சொந்தக்காரர்களுக்கு அரை நாள் போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் அக்கா வந்தார், கூடவே சித்தப்பா வந்தார். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் கழுத்தில் விசில் தொங்காத குறைதான். இருவரும் ஆளுக்கு இரண்டு துண்டு கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பத்து வயசிலிருந்து அவரைக் குண்டா என்று கூப்பிட்டவர் அந்த அக்கா. கல்யாண வீடுகளில், "தம்பி, அந்த நாற்காலி வேண்டாம், ரெண்டு நாற்காலி சேர்த்துப் போட்டுக்கோ" என்று பந்தி முழுவதும் கேட்கச் சொன்னவர். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கற உடம்புல யாராவது கத்தி வைப்பாங்களாடா? உனக்கு என்ன குறைச்சல்? நம்ம வம்சத்துக்கே எலும்பு பெருசு."

"எலும்பா தொப்பை போடுது?" என்று சித்தப்பா மறுத்தார். அவர் மறுத்தது எலும்பைத்தான், ஆபரேஷன் வேண்டாம் என்ற முடிவை அல்ல. "இதெல்லாம் சோம்பேறி வழி. வாயைக் கட்டணும், காலை விடணும். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஆறு ரவுண்டு ஓடச் சொல்லு. அந்தக் காலத்துல என்கிட்ட படிச்ச ஒருத்தனுக்காவது தொப்பை உண்டா?" சொல்லிக்கொண்டே தட்டை நீட்டினார். ஊசியக்கா மூன்றாவது துண்டை வைத்தாள். சித்தப்பாவின் சட்டையில் நாலாவது பொத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"எலுமிச்சம்பழச் சாறு வெந்நீர்ல" என்றார் அக்கா.

"குடிச்சேன்" என்றார் மாஸ்டர்.

"ராத்திரி சாப்பிடாம இரு."

"இருந்தேன்."

"அப்ப உன் பொண்டாட்டிதான் பகல்ல அதிகமா போடறா." அக்கா இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் அவ்வளவு தூரம் சுற்றினார் என்று ஊசியக்காவுக்குத் தெரியும். "ஆக்கிப் போடறவ அளவாப் போட்டிருந்தா எந்தம்பிக்கு ஏன் இந்தக் கதி? தான் மட்டும் கொடி மாதிரி இருக்கா, பாரு!"

ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. அக்கா சொன்னதில் பாதி பொய், பாதியை அவளால் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆறு பேண்ட் தைத்தவள் அவள்தானே. முதல் பேண்டிலேயே, "ஏங்க, சேரல" என்று சொல்லியிருந்தால்? அந்தக் கேள்வி அவளை அன்று முழுவதும் விடவில்லை.

போகும்போது அக்கா வாசலில் நின்று, "தேதி கீதி எல்லாம் தள்ளிப்போடு. தள்ளிப்போட்டா தானா மனசு மாறும்" என்று தம்பிக்கு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் பார்க்க வேண்டுமாம். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மாஸ்டர் மெதுவாகப் பேச்செடுத்தார்.

"உள்ள என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கறேன். நீ குறட்டை, மூச்சு அது இதுன்னு எதையும் இழுத்து விட்டுடாதே."

அவள் திடுக்கிட்டாள். "மூச்சா?"

"போன தடவை இங்க பக்கத்துல உக்காந்திருந்தவர் ஒருத்தர் சொன்னார். தூக்கத்துல மூச்சுத் திணறல்னு வாயைத் திறந்தா அதுக்குத் தனியா டெஸ்ட், மூக்குல ஒரு முகமூடி, மாசக்கணக்குல இழுத்தடிப்பாங்களாம். எனக்கு அதெல்லாம் இல்லதான். இருந்தாலும் சொல்லி வைக்கறேன்." அவர் கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டார். "இருபத்துமூணாம் தேதி வரைக்கும்தான் எனக்குத் தைரியம் இருக்கு. தள்ளிப்போச்சுன்னா அக்கா மறுபடி வந்து உக்காருவா. அப்புறம் நான் வரமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

அது பொய் இல்லை. அவரை அவளுக்கும் தெரியும்.

மயக்க மருந்து டாக்டர் நடு வயதுப் பெண். கையில் நாலு பக்கக் கேள்வித் தாள். மாஸ்டர் பரீட்சைக்கு வந்த கெட்டிக்காரப் பையனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை டீ? மூன்று. (ஏழு.) சர்க்கரை போட்டா? கொஞ்சம். (மூன்று கரண்டி.) மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? எப்போதாவது. (கடை முதல் மாடியில் இருந்தால் தொழிலையே விட்டிருப்பார்.) டாக்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே போனார். ஊசியக்காவுக்கு ஏதோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

"பகல்ல தூக்கம் வருமா?"

"சாப்பிட்டப்புறம் லேசா கண்ணு சொக்கும். யாருக்குத்தான் வராது?"

"தூங்கும்போது மூச்சு நிக்கறதுண்டா?"

"சேச்சே."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "இது முக்கியமான கேள்விங்க. மயக்க மருந்து கொடுத்தா தொண்டைத் தசை எல்லாம் தளர்ந்துடும். தூக்கத்துல மூச்சு நிக்கிற ஆளா இருந்தா ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்குதான் ஆபத்து அதிகம். முன்னாடியே தெரிஞ்சா அதுக்கு வழி இருக்கு, தயாரா இருப்போம். தெரியாம போனாதான் கஷ்டம்." பிறகு ஊசியக்கா பக்கம் திரும்பினார். "இதைத் தூங்கறவர்கிட்ட கேட்டுப் பிரயோஜனமில்ல. பக்கத்துல படுக்கறவங்க நீங்க சொல்லுங்கம்மா. நிக்குதா?"

மாஸ்டரின் முட்டி மேஜைக்கு அடியில் அவள் முட்டியை இடித்தது.

"நிக்கும்" என்றாள் ஊசியக்கா. "லேசா."

"லேசான்னா? எவ்வளவு நேரம்?"

"ஒரு… எட்டு, பத்து செகண்ட்."

சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். இரண்டு பேருக்கும் நல்லவளாக நடந்துகொண்டாயிற்று. உண்மையையும் சொன்ன மாதிரி ஆயிற்று, அவர் மனதும் நோகவில்லை. மீதியை எழுதுகிறவர் பார்த்துக்கொள்வார். அப்படி நினைத்துக்கொண்டே தாளைப் பார்த்தாள்.

டாக்டர் பத்து என்று எழுதியிருந்தார்.

அவள் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. மேலே பார்த்தாள். டீ மூன்று. சர்க்கரை கொஞ்சம். எல்லாம் அவர் சொன்னபடியே, அவர் சொன்ன அளவிலேயே. இவ்வளவு நேரம் நெருடியது இதுதான். பதினெட்டு வருடமாக அவள் குறைத்துச் சொன்னதையெல்லாம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கூட்டி எழுதிக்கொண்டிருந்தார், அதனால் ஒரு ரவிக்கைகூட யாருக்கும் சேராமல் போகவில்லை. இங்கே கூட்டி எழுத ஆள் இல்லை. இந்த அளவுக்குத்தான் வெட்டுவார்கள்.

"டாக்டர், அதை அடிங்க" என்றாள்.

"எதைம்மா?"

"பத்தை அடிச்சுட்டு இருபத்தஞ்சுன்னு போடுங்க. அது சாதாரண நாள்ல. போன மாசம் ஒரு நாள் நாற்பத்தொண்ணு வரைக்கும் போச்சு. உதைச்சும் எழுந்திருக்கல, உலுக்கித்தான் எழுப்பினேன். ராத்திரிக்கு இருபது தடவை, முப்பது தடவை நிக்கும்."

"ஏய்" என்றார் மாஸ்டர்.

"டீ மூணு இல்ல டாக்டர், ஏழு. விரல்ல ஊசி ஏறினது கவனக்குறைவு இல்ல, மிஷின்லயே தூங்கிட்டார். இவர் போட்டிருக்கற பேண்ட் பழைய பேண்ட் இல்ல, நான் திருட்டுத்தனமா தச்சது, இதோட ஆறு. அதையும் வேணும்னா எழுதிக்கோங்க." பேச ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. அழுகை வேறு வந்தது. "எல்லாத்தையும் எழுதிக்கோங்க. இவர் எனக்கு வேணும்."

டாக்டர் பேண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டார். கோபப்படவில்லை. முதலில் ஒரு ராத்திரி இங்கேயே படுக்க வைத்து மூச்சைச் சோதிக்க வேண்டும், பிறகு தூங்கும்போது மாட்டிக்கொள்ள காற்றுத் தரும் முகமூடி, அதைச் சில வாரம் பழகிய பிறகு ஆபரேஷன் என்றார். "ரத்து இல்ல. ஆறு வாரம், அதிகம் போனா எட்டு வாரம். அவ்வளவுதான்." இருபத்துமூன்றாம் தேதிக்கு மேல் ஒரு கோடு விழுந்தது.

பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மாஸ்டர் உட்கார்ந்தார். மீதி இருந்த நாலு விரல் இடத்தில் ஊசியக்கா ஒட்டிக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பேண்ட் விஷயத்தை ஏன் சொன்னே?"

"வாயில வந்துடுச்சு."

"ஆறு இல்ல, ஏழு. நாலாவதுல பாக்கெட் கோணலா இருந்துச்சுன்னு நீயே பிரிச்சுட்டு வேற வெட்டினே. மறந்துட்டே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"நான் டைலர்டி. என் இடுப்புல ஓடற தையல் யார் கைத் தையல்னு தெரியாதா? நீ கஷ்டப்பட்டு மறைக்கறே, நான் தெரிஞ்ச மாதிரி காட்டினா உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு வாயை மூடிட்டிருந்தேன்."

பதினெட்டு வருடம் ஒரே பூசணிக்காயை ஆளுக்கொரு பக்கம் நின்று மறைத்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "தேதி போச்சு. அக்கா வரட்டும், கேக் வாங்கி வை" என்றார்.

இன்னும் ஒரு நிறுத்தம் போனது.

"நாற்பத்தொண்ணுன்னு எப்படி அவ்வளவு சரியா சொன்னே?"

"எண்ணினேன்."

"அன்னைக்கு மட்டுமா?"

"தினமும்."

"எத்தனை நாளா?"

குறைத்துச் சொல்ல நாக்கு எழுந்தது. அவள் அதை அடக்கிக்கொண்டாள். "நாலு வருஷமா."

மாஸ்டர் முதல்முறையாக ஜன்னலை விட்டுத் திரும்பினார். அளவு எடுக்கும்போது பார்ப்பாரே, அப்படி அவளை மேலிருந்து கீழே பார்த்தார். குழிந்த கன்னத்தைப் பார்த்தார், கருவளையத்தைப் பார்த்தார். தெருவே ஊசி ஊசி என்று கூப்பிட்டபோது அவரும் சேர்ந்து சிரித்த அந்த மணிக்கட்டைப் பார்த்தார்.

"அப்ப நீ எப்பத் தூங்குவே?"

அவள் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

அவர் முன்சீட்டின் கம்பியைப் பிடித்து எழுந்தார். முட்டி இரண்டும் முனகின. அவளை ஒதுங்கச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுகளுக்கு நடுவே போய் நின்றார். "காலை நீட்டிப் படு" என்றார்.

"எதுக்குங்க? உங்க முட்டி—"

"படுன்னு சொன்னேன். இன்னும் பத்து ஸ்டாப் இருக்கு."

முழு சீட்டும் அவளுக்கு மிச்சமாக இருந்தது. காலை மடக்கிச் சாய்ந்தாள். நூற்றி முப்பத்துநாலு கிலோ கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. வெயில் அவள் முகத்தில் விழவில்லை. பஸ் குலுங்கியபோதெல்லாம் அவர் வலியில் உஸ் என்றார், உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து கண்டக்டரின் சத்தம் கேட்டது. "சார், இப்படி வழியை அடைச்சுட்டு நின்னா நாங்க எப்படிப் போறது? உக்காருங்க சார், சீட்டு இருக்குல்ல?"

"மெதுவா பேசுங்க தம்பி" என்றார் மாஸ்டர். "தூங்கறாங்க."

கண்டக்டர் அதற்கு என்ன சொன்னார் என்று ஊசியக்காவுக்குத் தெரியாது. அவள் தூங்கிவிட்டாள்.